ஓடக்காரியின் மச்சம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. சிறுமியாக இருந்தபோது, அழுகிற தம்பியைத் தூங்கவைக்க ஒரு கதை கட்டினாள். ராஜா இறந்துபோகிறார். வெள்ளத்தில் தீவுகள் தத்தளிக்கின்றன. அரண்மனைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஒரு ஓடக்காரி மட்டும் பேசும் மீன்களின் துணையோடு ஜனங்களைக் கரை சேர்க்கிறாள். ஜனங்கள் அவளையே ராணியாக்குகிறார்கள்.

தம்பி எழுத்தாளனானான். அதை நாவலாக்கலாமா என்று கேட்டபோது அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"எழுதிக்கோடா. ஆனா அந்த ஓடக்காரி நம்ம மாதிரி சாதாரண ஒருத்தியாத்தான் இருக்கணும்."

"சத்தியமாக்கா."

இரண்டு பாகங்கள் வந்தன. சாப்பாட்டு வேளையில், தன்னோடு வேலை செய்யும் பெண்களுக்கு அவளே உரக்க வாசித்தாள். மூன்றாவது பாகத்தையும் அப்படித்தான் ஆசையாகப் பிரித்தாள். முடிசூட்டும் இடத்தில் வாசிப்பதை நிறுத்தி, அந்த வரியைத் திரும்பப் பார்த்தாள். ஓடக்காரியின் தோளில் ராஜவம்சத்து மச்சம்! குழந்தையில் தொலைந்துபோன இளவரசியாம் அவள்.

குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும், துணி மடிக்கிற பெண் கை தட்டினாள். "அதானே பார்த்தேன்! நம்ம மாதிரி ஒருத்தின்னா யாரு மதிப்பாங்க?"

எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அவள் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவைத்தாள்.

வேலை முடிந்ததும் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள்.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

"பதிப்பாளர் கேட்டாருக்கா. கடைசியில ஒரு திருப்பம் வேணுமாம்."

"வெள்ளத்துல அவ துடுப்பு போட்டது போதலையா?"

"ஒரு மச்சம்தானே. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறியே. முதல் பக்கத்தைப் பாரு, உனக்குத்தான் சமர்ப்பணம்."

பார்த்தாள். 'கதை சொல்லி வளர்த்த அக்காவுக்கு' என்றிருந்தது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் சொல்லிப் பார்த்தாள்: "அந்த மச்சம் பொய். அவ சாதாரண ஓடக்காரிதான்."

"புத்தகத்துல போட்டிருக்கேக்கா," என்றாள் குண்டூசி, பாவம் பார்ப்பதுபோல. "உங்களுக்குத் தெரிஞ்சது எழுதினவருக்குத் தெரியாதா?"

கதை தன்னுடையது என்று அவள் அங்கே ஒருநாளும் சொன்னதில்லை. இனிச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

புத்தகம் நன்றாக விற்றது. சில மாதம் கழித்துத் தம்பி போன் செய்தான்.

"அடுத்ததுக்கு ஏதாவது கதை இருக்காக்கா?"

"இப்பல்லாம் ஒண்ணும் தோணலடா," என்று வைத்துவிட்டாள்.

தோன்றாமல் இல்லை. இஸ்திரி போடும்போதெல்லாம் கதை வந்துகொண்டேதான் இருந்தது. அவனிடம் சொல்லத்தான் மனம் வரவில்லை.