ஆஸ்துமா ஊசிக்கு வந்தவர்

ஆஸ்துமாவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஊசியை முதல்முறை போட்டுக்கொள்ளப் பாளையங்கோட்டை மருத்துவமனையில் காத்திருந்தேன். பக்கத்தில், அதே ஊசியை ஏற்கெனவே போட்டுவரும் சீவலப்பேரிக்காரர் ஒருவர். ஒட்டிய கன்னம், தூக்கிய தோள். இரைப்பு இல்லாமலேயே முழங்காலில் கையூன்றி, முன்சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“ஊசி கேக்கா அண்ணாச்சி?”

“நல்லா கேக்கு. இப்ப மல்லாந்தே படுக்கலாம்.”

“முன்ன?”

“உக்காந்துதான் தூங்குவேன். வீட்டுக்காரி முதுகோட முதுகு சேத்து முட்டுக் குடுப்பா. இந்த ஊசி வாரதுக்கு முந்தியே போய்ச் சேந்துட்டா.”

“இப்ப படுக்கியளா?”

“இல்ல. செவுத்துல சாஞ்சுக்கிடுதேன்.”

செவிலியர் அவரை அழைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“நல்லா இருக்கேம்மா” என்றபடி உள்ளே போனார்.

சில மாதங்களில் எனக்கும் மூச்சு லேசாகிவிட்டது. அவர் படுக்காதது துக்கத்தாலா, பழக்கத்தாலா என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.