குறிப்பக்காவும் ஏழு முகாம் பட்டியலும்

அகதிகள் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் மேசைக்காரிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ இருக்கட்டும். ஏழு முகாம்களிலும் அவள் குறிப்பக்காதான். பதினாறு வருடமாக அதே மேசை. எதிரே வந்து உட்காருகிறவரின் பெயர், வயது, ஊர், கூட வந்தவர்கள் என்று எல்லாவற்றையும் கேட்டுக் கணினியில் ஏற்றுவது வேலை.

பட்டம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். படிவத்தில் பிறந்த தேதிக்கு ஒரு கட்டம் உண்டு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தேதி தெரியாது. தெரிந்தவர்களிடம் காகிதம் இருக்காது. கணினியோ அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கு நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஊழியர்கள் ஆளை ஏற இறங்கப் பார்த்து, ஒரு வருடத்தை உத்தேசமாகப் போட்டு, ஜனவரி ஒன்று என்று தட்டிவிடுவார்கள். ஏழு முகாம் ஜனத்தில் பாதி ஒரே தேதியில் பிறந்தது இப்படித்தான்.

குறிப்பக்காவும் ஜனவரி ஒன்றுதான் போடுவாள். ஆனால் எதிரே இருப்பவர் வாயில் வந்ததை, படிவத்தின் ஓரத்தில் 'குறிப்பு' என்றிருக்கும் கட்டத்தில் அப்படியே எழுதிவைப்பாள். பாலம் இடிந்த வாரம். அக்கா கல்யாணத்தின்போது அம்மா வயிற்றில் இருந்தேன். மற்ற முகாம்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனாலும் இதே பாட்டுத்தான். "குறிப்பு எழுதினீங்களா? எழுதலைன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்." சலித்துப்போன ஊழியர்கள் வைத்த பட்டம் அது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "திட்டிக்கிட்டாவது எழுதறாங்கல்ல" என்றாள் வீட்டில். வீட்டுக்காரர் பேருந்து நடத்துனர். "நானும் டிக்கெட்டுக்குப் பின்னாடி குறிப்பு எழுதட்டுமா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவள் மேசைக்கு மூன்று வருடமாக வாரம் தவறாமல் வருகிற ஒருத்தி உண்டு. முகாமில் துணி தைத்துக்கொடுக்கும் தையல்காரம்மா. பதினொரு வருடத்துக்கு முன்னால், ஊரே ஓடிய நாளில், எட்டு வயது மகனை ஒரு லாரியில் ஏற்றிவிட்டு அடுத்த லாரியில் ஏறியவள். இரண்டு லாரியும் வெவ்வேறு எல்லைக்குப் போய்விட்டன. இப்போது அவளுக்கு வேறொரு நாட்டில் குடியேற அனுமதி வந்திருக்கிறது. திங்கட்கிழமை கையெழுத்து. இருபத்தொரு வயதுக்குள் இருக்கிற பிள்ளையைத்தான் தாயின் கோப்பில் சேர்க்கலாம். மகனைக் காட்டாமல் 'தனி ஆள்' என்று கையெழுத்திட்டால், பின்னால் அழைத்துக்கொள்ள வருடக்கணக்காகும், அதற்குள் அவனுக்கு வயது தாண்டிவிடும். கையெழுத்திடாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

"அக்கா, இன்னும் ஒரு தடவை தேடிப் பாருங்க" என்றாள் அவள் வெள்ளிக்கிழமை.

"நாளைக்கு ஒரு வழி இருக்கு. நான் பாக்கறேன், நீங்க போய்த் தூங்குங்க" என்றாள் குறிப்பக்கா. வாக்குக் கொடுத்துவிட்டால் பின்வாங்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அந்த வழிதான் ஹேக்கத்தான். ஒரு கல்லூரியின் பெரிய கூடத்தில் நிரல் எழுதுகிறவர்கள் சனி, ஞாயிறு இரண்டு நாள் கூடி உட்கார்ந்து அகதிகளுக்கு உதவும் செயலிகளை உருவாக்கும் போட்டி. பிரிந்த குடும்பங்களைச் சேர்ப்பதும் ஒரு தலைப்பு. அதற்காக, அதுவரை தனித்தனி அலமாரிபோல் கிடந்த ஏழு முகாம்களின் பட்டியல்களும் முதல்முறையாக ஒரே கணினிக்கு வந்தன. கொண்டுபோனவள் குறிப்பக்கா. போனதும் முதல் காரியமாக அந்தக் கணினியின் வலை இணைப்பைப் பிடுங்கினாள். கைபேசிகளை ஒரு தட்டில் வைக்கச் சொன்னாள்.

"இவ்வளவு கெடுபிடி தேவையாம்மா?" என்றார் ஓர் ஒருங்கிணைப்பாளர்.

"இதுல இருக்கறவங்களைத் தேடறவங்க எல்லாரும் சொந்தக்காரங்க இல்ல சார். இவங்க யாருக்குப் பயந்து ஓடி வந்தாங்களோ, அவங்களும் தேடறாங்க."

அவர் தன் கைபேசியையும் தட்டில் வைத்தார்.

அந்தத் தலைப்பை எடுத்த குழுவில் இரண்டே பேர். ஒருவர் வங்கிக்கு மென்பொருள் எழுதுகிற நடுவயதுக்காரர். இன்னொருத்தி குடிநீர் வாரியத்தில் குழாய் வரைபடம் போடுகிறவள். வங்கிக்காரர் வேகமான ஆள். சனிக்கிழமை மதியத்துக்குள் ஒரு நிரல் எழுதி ஓடவிட்டார். ஒருவர் தேடுகிற ஆளின் பிறந்த தேதியும் பெயரும் இன்னொரு முகாம்காரரோடு ஏறக்குறையப் பொருந்தினால் உறவு என்பது கணக்கு. திரையில் ஆயிரக்கணக்கான பொருத்தங்கள் கொட்டின. எல்லாம் ஜனவரி ஒன்று. பாதி முகாம் மீதிப் பாதிக்கு இரட்டைப்பிள்ளையாகப் பிறந்திருந்தது.

அவர் தலையைச் சொறிந்தார், ஒரு வரி சேர்த்தார், மறுபடி ஓடவிட்டார். இம்முறை பட்டியல் சுத்தமாக வந்தது. குறிப்பக்கா எட்டிப் பார்த்தாள்.

"பதினெட்டாயிரம் பேர் கொடுத்தேன். இங்க ஒன்பதாயிரம்தான் இருக்கு. மிச்சப்பேர் எங்க?"

"ஜனவரி ஒண்ணு எல்லாம் பிழையான தரவு மேடம். எடுத்துட்டேன்."

"பிழை தேதியிலதான. ஆளு என்ன பண்ணினான்?" அவள் குரல் உயரவில்லை. "அந்தக் கடைசிப் பத்தி எங்க? குறிப்புன்னு இருக்குமே."

"அதையும் எடுத்துட்டேன். கதை கதையா எழுதி வெச்சிருக்காங்க. கணினிக்கு அது புரியாது."

"புரியற மாதிரி இருந்தா நானே செஞ்சிருப்பேனே. உங்களை எதுக்குக் கூப்பிட்டாங்க?"

வரைபடக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வங்கிக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஆள் நியாயஸ்தர். எடுத்த ஒன்பதாயிரம் பேரையும் திருப்பிச் சேர்த்தார், குறிப்புகளில் ஒரு பத்தை வாசித்தார், பிறகு இன்னும் ஒரு நூறை வாசித்தார். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஒரே கதையைத்தான் சொல்வார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வாக்கியங்களின் பொருள் எவ்வளவு நெருங்குகிறது என்று பார்க்கிற இலவசக் கருவி ஒன்று அவர் கணினியிலேயே இருந்தது. அதற்கு வலை இணைப்பும் வேண்டாம்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு அது நாற்பத்தொரு ஜோடிகளைக் காட்டியது. பதினேழாவது ஜோடியில் குறிப்பக்காவின் விரல் நின்றது.

இடதுபுறம், தையல்காரம்மா தன் மகனைப் பற்றிச் சொல்ல அவளே எழுதிய குறிப்பு: 'புதுப் பள்ளிக்கூடத் திறப்புக்கு நாற்பது சட்டை தைக்கிற வேலை. முப்பத்தெட்டு முடிந்தபோது வலி வந்து மகன் பிறந்தான்.' வலதுபுறம் ஐந்தாம் முகாம்: 'பள்ளி திறப்புக்கு அம்மா சட்டை தைத்துக்கொண்டிருந்தபோது பிறந்தேன். இரண்டு சட்டை பாக்கி என்று அம்மா சொல்வார்.'

மூன்று வருடம் அவள் ஒவ்வொரு முகாமாகக் கேட்டுப் பெயரை வைத்துத் தேடியிருக்கிறாள். பையன் லாரிக்காரரின் குடும்பப் பெயரில் பதிவாகியிருந்தான். வயதை வைத்தும் தேடியிருக்கிறாள். அதையும்தான் இப்போது பார்த்தாள். வயது இருபத்து நான்கு. ஐந்து வருடத்துக்கு முன்னால் பதிந்தவன் வளர்த்தியைப் பார்த்துப் பத்தொன்பது என்று போட்டிருக்கிறான். அப்போது அவனுக்குப் பதினான்குதான்.

"ஆளைக் கண்டுபிடிச்சாச்சு. ஆனா இந்த வயசோட அம்மா கோப்புல சேர்க்க முடியாது" என்றாள். "நான் வாயால சொன்னா அதிகாரி கேக்கமாட்டார்."

"பள்ளிக்கூடம் எந்த ஊர்?" என்று கேட்டாள் வரைபடக்காரி. ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு வலை இணைப்பு இருந்த தன் மடிக்கணினியைத் திறந்தாள். தன்னார்வலர்கள் வரைந்து பொதுவில் வைத்திருக்கும் வரைபடத்தில் அந்தப் பள்ளி இருந்தது. பூமியை வருடா வருடம் விண்ணிலிருந்து எடுத்த படங்களை இலவசமாக அடுக்கி வைத்திருக்கிற களஞ்சியம் ஒன்றும் அவளுக்குத் தெரியும். குழாய் பதிக்கிறவர்களுக்கு அது தினசரிச் சமாச்சாரம். ஒவ்வொரு வருடமாகப் பின்னால் போனாள். அதற்குள், செய்ததை விளக்கிக்காட்ட இவர்கள் குழுவை மேடைக்கு அழைத்தார்கள். வங்கிக்காரர் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறையும் அழைத்துவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விட்டார்கள்.

இருபது வருடத்துக்கு முந்தைய படத்தில் அந்த இடம் வெறும் பொட்டல். அடுத்த வருடப் படத்தில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைக் கூரை.

"கட்டாத பள்ளிக்கு யாரும் சட்டை தைக்கமாட்டாங்க. அப்ப பையனுக்கு இருபதுக்கு மேல இருக்கவே முடியாது" என்றாள் வரைபடக்காரி. இரண்டு படங்களையும் அச்செடுத்து, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தாள். பரிசு வேறொரு குழுவுக்குப் போயிற்று. குறிப்பக்கா காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை அதிகாரி இரண்டு படங்களையும் இரண்டு குறிப்புகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையனின் புகைப்படத்தைத் தையல்காரம்மாவிடம் நீட்டினார். "இது உங்க மகன்தானா?"

தாடி வைத்த முகம். அவள் வெகுநேரம் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

"தெரியலைங்க. நான் எட்டு வயசுல விட்டது."

அதிகாரி பேனாவை மூடினார். குறிப்பக்கா அசரவில்லை. "ஐந்தாம் முகாம் லைன்ல இருக்கு சார். ரெண்டு நிமிஷம் பேசட்டும்." கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

அந்தப் பக்கம் கனத்த ஆண்குரல். "ஹலோ" என்றது. தையல்காரம்மா கைபேசிமேல் குனிந்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"அம்மா," என்றது பிறகு, "இவங்க எனக்கு இருபத்துநாலுன்னு எழுதிட்டாங்கம்மா. நான் எவ்வளவோ தடவை சொல்லிட்டேன். யாருமே கேக்கமாட்டேங்கறாங்க."

ஐந்து வருடமாக அந்தப் புகாரைக் காதில் வாங்க அவனுக்கு ஆளில்லை.

தையல்காரம்மா முந்தானையால் முகத்தை ஒரே இழுப்பில் துடைத்தாள். "நீ சும்மா இருடா, நான் சொல்லிக்கறேன்" என்றாள் கைபேசியிடம். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பத்தொன்பதுன்னு எழுதுங்க சார்."