துவக்குக்குக் கண் தேடியவர்

வேலாயுதம் மச்சான் போய்விட்டார் என்ற செய்தியை, நான் இப்போது இருக்கும் பளைக்கு முதல் பஸ்ஸில் வந்த கண்டக்டர் சொன்னான். நித்திரையிலேயே, சத்தமில்லாமல் போனாராம். தும்மினாலே இரணைமடுக் குளத்தில் அலை எழும்பும் மனிதர் சத்தமில்லாமல் போனார் என்றால் யார் நம்புவது? இரண்டாம் முறையும் கேட்டேன். கண்டக்டர் தலையைக் குனிந்தான். நம்பினேன்.

அவரை அறிந்தவர்களே, என் தங்கச்சி நாகம்மாவின் வீட்டில் அழுவதற்கு ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். அவளுடைய கணவர் பெற்ற ஒரு வெற்றியைச் சொல்லவே நான் எழுதுகிறேன். எங்கள் ஊரான கனகராயன்குளத்தின் வரலாற்றில் அதற்கு நிகரில்லை. உலக வரலாற்றில் என்று எழுதத்தான் கை போகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் மச்சான் வெள்ளைக்காரப் பட்டாளத்து ஆயுதக் களஞ்சியத்தில் வேலை செய்தார். மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுவோருக்கென்றே செய்த ஸ்னைப்பர் துவக்குகள் அவர் பொறுப்பில் இருந்தன. துடைப்பது, எண்ணெய் பூசுவது, பெட்டியில் வைப்பது எல்லாம் அவர்தான். ஒரு வெடி வைக்க மட்டும் விடவில்லை. “பிள்ளையளைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு விடுறது நான், கூட்டிக்கொண்டு ஊர் சுத்திறது வெள்ளைக்காரன்” என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அந்தச் சிரிப்பு அவருடைய மற்றச் சிரிப்புகளைப் போல வயிற்றிலிருந்து வராது.

ஆகவே, குளம் கட்ட வந்திருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் நாடு திரும்புமுன் தன் பொருட்களை விற்றபோது, அதற்குள் அதே இனத்துத் துவக்கு ஒன்று கிடப்பதைக் கண்ட மச்சான் நெல் விற்ற காசோடு ஓடியதில் வியப்பில்லை. துவக்கின் கோலமோ பரிதாபம். மரத்துக்கு யாரோ ஜன்னல் பச்சை அடித்திருந்தார்கள். குழலுக்குள் துரு. முன்குறி ஒடிந்திருந்தது. மேலே இருக்க வேண்டிய தூரக்கண்ணாடி எங்கோ தனியாக விலைபோயிருந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் அது மாடு சாய்க்கும் தடியாகத்தான் உதவும்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அரச அதிகாரி டி.ஆர்.ஓ. ஐயா வந்து பார்த்தார். “பயிர்காவலுக்கெண்டு லைசன்ஸ் கேக்கிறீர். அறுவடைக்கு முந்தி என்ர கண்முன்னாலை இது குறி தப்பாமல் சுட வேணும். இல்லையெண்டால் பொலிசிலை ஒப்படைச்சுப் போடும்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மச்சானுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. நெல்லோ கதிர் தள்ளத் தொடங்கியிருந்தது. பன்றிகள் குடும்பத்தோடு வந்து வயலைப் பார்வையிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

மறுநாள் வைத்தியம் தொடங்கியது. கொதிநீரைப் புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றினார். துரு தேநீர்ச் சாயம்போல வழிந்தது. பச்சைப் பூச்சை உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டினார். இலுப்பெண்ணெயைத் தேய்த்தார், தேய்த்தார், வன்னியில் இலுப்பை மரமே மிஞ்சாது என்று நான் பயப்படும்வரை தேய்த்தார். கன்னம் வைக்கும் மரத்துண்டு தொலைந்திருந்ததால் முதிரை மரத்தில் புதிதாகச் செதுக்கினார்.

“துவக்குக்குத் தலையணை செய்யிற மனுசன், எனக்குக் குந்தியிருக்க ஒரு பலகைக்கட்டை செய்து தரேல்லை” என்றாள் நாகம்மா.

“நீர் குறி தப்பாமல் ஏசுறீர். உமக்குத் தலையணை என்னத்துக்கு?” என்றார் மச்சான்.

இனிக் கண்ணாடி. முதலில் கிடைத்தது, நீர்ப்பாசனக்காரர் கழித்து ஏலம் விட்ட, நிலத்தின் மட்டம்பார்க்கும் குழாய். சந்திரனில் எறும்பு ஊர்ந்தாலும் காட்டும். ஒரே ஒரு குறை: எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும். பன்றி வானத்திலிருந்து தொங்கியது. இடப்பக்கம் ஓடுவது வலப்பக்கம் ஓடுவதாய்த் தெரிந்தது. போதாக்குறைக்குக் கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டிய குழாய் அது. வெடி வைத்ததும் துவக்குப் பின்னால் உதைக்க, குழாய் கண்ணில் குத்தும். மச்சானுக்குக் குத்தியது. எனக்கும் குத்தியது. அந்த மாதம் எங்கள் ஊரில் வலக்கண் கறுக்காத ஆம்பிளை இல்லை.

“பன்றிக்கு ஒரு காயமுமில்லை, வீட்டிலை இருக்கிறதுகளுக்குத்தான்” என்று நாகம்மா ஒத்தடம் கொடுத்தாள்.

அடுத்து கொழும்புக் கடையிலிருந்து பளபளவென்று ஒன்று வந்தது. அதில் பன்றியின் ஒரு மயிர் தெரியும், பன்றி தெரியாது. அதைப் பொருத்துவதற்குத் துவக்கின் இரும்பில் புதிதாகத் துளை போட வேண்டும் என்றார்கள். மச்சான் அப்படியே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பினார். “பழசைத் திருத்திறதெண்டா அது சொல்லுறதைக் கேக்க வேணும் மச்சான். நாங்கள் நினைக்கிறதை அதிலை துளைச்சு எழுதக்கூடாது.” நான் எத்தனையோ பெரிய மனிதரின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். நினைவில் நிற்பது இதுதான்.

அப்போதுதான் மீன்லொறிக்காரன் ஒருவன் சொன்னான்: முல்லைத்தீவுக் கடற்கரையில் மீரான் முதலாளி ஒரு சின்னப் பித்தளைக் குழாயால் கடலைப் பார்க்கிறாராம், எஞ்சினியர் வீட்டுச் சாமானாம். வள்ளம் எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்று பார்த்தே மீனின் நிறையைக் கணித்து, மற்ற வியாபாரிகள் எழும்பு முன் விலை பேசிவிடுவாராம். மச்சான் மட்டக்குழாயைச் சாக்கில் சுற்றினார். இருவரும் பஸ் ஏறினோம்.

“இதை விக்கிறதோ? என்ர வலக்கண்ணை விப்பன் தம்பி, இதை விக்கன்” என்றார் முதலாளி, மீன்வாடிக் கொட்டில் வாசலில் இருந்து அசையாமல்.

“விக்க வேண்டாம். இதுக்குள்ளால ஒருக்காப் பாருங்கோ.” மச்சான் மட்டக்குழாயை நீட்டினார்.

பார்த்த முதலாளி துள்ளி எழும்பினார். “யா அல்லாஹ்! வள்ளமெல்லாம் கவிண்டு போச்சே!”

“கவிழேல்லை முதலாளி, கண்ணாடிதான் தலைகீழ்” என்றேன்.

மறுபடி பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். “வள்ளத்துக்குள்ளை கிடக்கிற பாரைக்குஞ்சுகூடத் தெரியுது...” என்று முணுமுணுத்தார். “தலைகீழாத் தெரிஞ்சா எனக்கென்ன? தராசு நேராத்தானே நிக்குது!”

பித்தளைக் குழாய் கைமாறியது. துவக்கின் மரத்தில் குத்தியிருந்த இலக்கம் அதிலும் இருந்தது. மச்சான் அதை விரலால் தடவினார். பஸ்ஸில் வீடுவரை அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். 

பெரிதாகக் காட்டும் கண்ணாடி அல்ல அது. பன்றியைப் பன்றியளவுக்கே காட்டியது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் துவக்கிலிருந்த பழைய கொளுவியில் ஓசையில்லாமல் போய் அமர்ந்தது. உதைத்தாலும் கண்ணைத் தொடவில்லை.

டி.ஆர்.ஓ. வந்தார். குளக்கட்டின் மறுகோடியில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வைக்கச் சொன்னார். வன்னி முழுவதும் திரண்டிருந்தது. ஆனையிறவுக்கு அப்பாலிருந்தும் வந்திருந்தார்கள். மச்சான் குப்புறப் படுத்து முதிரைத் துண்டில் கன்னத்தை வைத்தார்.

வெடிச் சத்தம் ஓய்ந்ததும் டி.ஆர்.ஓ. கையிலிருந்த தாளில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். “இன்னொருக்காச் சுடும், பாப்பம்” என்றும் கேட்டார். “வேண்டாம் ஐயா, எனக்கு இந்த ஒண்டே காணும்” என்று எழும்பிய மச்சான், தெறித்து விழுந்த தோட்டாக் கோதைப் பொறுக்கி, சூடு ஆறுமுன் என் கையில் வைத்தார்.

“மச்சான், நீ பொய்யிலை ராசா. ஆனா இந்த ஒண்டை மட்டும் உள்ளபடி சொல்லு. இதுக்கு உள்ளதே காணும்.”

அந்தக் கோது இதை எழுதும் மேசையில் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுவும் அந்தக் கட்டளையும்தான். ஆகவே உள்ளபடி சொல்கிறேன்: ஒரே வெடி. தகரம் விழுந்தது. சுட்டவர் வேலாயுதம்.