செய்தி அனுப்பாத பெட்டி

ஜெயசித்ராவுக்கு எதுவும் கையடக்கமாக இருக்க வேண்டும். வில்லியனூர் ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட். சின்னச் சின்னக் கருவிகளில் ஓடும் லினக்ஸ் மென்பொருளை, வேண்டாததையெல்லாம் கழற்றிச் சுருக்கித் தருவதுதான் எங்கள் வேலை. "இதயும் எடுத்துடலாம் ஸ்டெல்லா" என்று அவள் ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சலாக வரும். விட்டால் பொங்கலில் மிளகைப் பொறுக்குவது போலப் பொறுக்கிக்கொண்டே இருப்பாள்.

அவள் வீடு கரிக்கலாம்பாக்கத்தில், வயலை மனை போட்டு விற்ற இடத்தில். பக்கத்து மனைகள் இன்னும் காலி. அப்பா சுப்புராயனுக்கு நுரையீரல் கெட்டு, நாள் முழுக்க ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும். கரெண்டு போனால் இன்வெர்ட்டர் ஒரு மணி நேரம் தாங்கும். அதற்குள் யாராவது வந்து குழாயைச் சிலிண்டருக்கு மாற்றியாக வேண்டும். அந்தப் பயத்தில் அம்மா வேலம்மாள் வாசலைத் தாண்டியதே இல்லை.

ஜெயசித்ரா ஒரு பெட்டி செய்து வைத்தாள். பேட்டரி, சிம் எல்லாம் அதற்குள்ளேயே. கரெண்டு போன உடனே அவளுக்கும் அம்மாவுக்கும் மெசேஜ் வரும். நாலைந்து முறை ஒழுங்காக வந்ததும், அம்மா தைரியமாக வெளியே போக ஆரம்பித்தார்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியையும் சுருக்கினாள். ஒரு மென்பொருளைப் போட்டால் அது துணைக்கு இன்னும் சிலவற்றை இழுத்து வரும். சில கட்டாயம், சில 'இருந்தால் நல்லது' என்ற கணக்கு. அவள் இரண்டாம் வகையை மொத்தமாகத் தள்ளினாள். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. பெட்டி ஆன் ஆனது, பச்சை விளக்கு எரிந்தது, போதும் என்று விட்டுவிட்டாள்.

நேற்று மத்தியானம் ஒரு கஸ்டமர் பெட்டிக்கும் அதே முறையில் செய்து, மெசேஜ் அனுப்பிப் பார்த்தாள். போகவில்லை. மறுமுனையில் செய்தியை வாங்கும் சர்வர் அசல்தானா என்று சரிபார்க்கும் சான்றிதழ்கள் அதில் இல்லை. அவள் தள்ளிவிட்டவற்றோடு அவையும் போயிருந்தன. சான்றிதழ் இல்லாத பெட்டி யாரையும் நம்பாது, செய்தியையும் கொடுக்காது. திரையைப் பார்த்தவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஸ்டெல்லா, எங்க வூட்டுலயும் இதான்டி இருக்குது."

அப்பாவுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அம்மாவுக்குப் போட்டாள்.

"நான் மதகடிப்பட்டுல மாத்திர வாங்கிக்கினு இருக்கேன். இன்னாடி ஆச்சு?"

"அங்க கரெண்டு இருக்குதாம்மா?"

"இருக்கும். மெசேஜ் ஒண்ணும் வரலியே!"

ஜெயசித்ரா படியில் இறங்கி ஓடினாள். வண்டியை நான்தான் ஓட்டினேன், அவள் பின்னால் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். கரிக்கலாம்பாக்கம் கிட்டே வந்ததும் ரோட்டோரக் கடையில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. "கரெண்டு எப்பண்ணா போச்சு?" என்று கத்தினேன். "போயி ஒன்றர மணி நேரம் ஆவுதும்மா" என்றார் கடைக்காரர். பின்னால் அவள், "வேகமா போடி, வேகமா போடி" என்று என் தோளைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் மெஷின் ஓடும் சத்தம் இல்லை. அவள் அப்பா கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். உதடு நீலமாகியிருந்தது. ஜெயசித்ரா குழாயைப் பிடுங்கிச் சிலிண்டரில் செருகினாள். நான் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் செத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

நிறம் திரும்ப வெகுநேரம் ஆயிற்று. போன் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. மூச்சு நன்றாக இருந்தபோதே எங்களைக் கூப்பிட்டிருக்கலாம்.

"மெஷின் நிக்கறதுக்கு முன்னாடியே ஒரு போன் போட வேண்டியதுதானேப்பா" என்று அழுதாள் ஜெயசித்ரா.

அவர் மெல்லச் சிரித்தார். "எதுக்கும்மா? பொட்டி சொல்லியிருக்கும், நீ வந்துக்கினு இருப்பன்னு தெரியும். அதான் பேசாம இருந்தேன்."

"அது சொல்லலப்பா. நான்தான் கெடுத்து வெச்சிட்டேன். நானா பயந்துபோயிதான் வந்தேன்."

சிரிப்பு நின்றது. அவ்வளவு தவிப்பிலும் அவர் கண்ணில் இல்லாத பயம் அப்போதுதான் வந்தது. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இத்தினி நேரமா நான் தனியாவா கெடந்தேன்?"