கெங்கம்மாளும் விளக்கைச் சுற்றிய வளையமும்

திருத்தணியில் திருப்பதி பஸ்கள் நின்று போகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சாயங்காலமானால் கெங்கம்மாளின் தோசைக்கடை திறந்துவிடும். கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, இரண்டு பெஞ்சு, மேலே ஒரு நீலத் தார்ப்பாய், அவ்வளவுதான். கல்லில் மாவு ஊற்றுவது அவள். பக்கத்தில் நின்று டீ போடுவது அவளுடைய அக்காள் புருஷன் எல்லப்பன். பாவா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய கணவன் தணிகைவேல் லாரி ஓட்டுகிறவன். நாக்பூர், ராய்ப்பூர் என்று போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். ஒரே மகள் அனிதாவை நகரியில் கட்டிக் கொடுத்தாயிற்று. அதனால் சாயங்காலங்களில் அவளுக்குத் துணை பாவாதான்.

ஐம்பதைத் தாண்டியும் ஓய்ந்து உட்காரத் தெரியாதவள் கெங்கம்மாள். காய்ச்சல் வந்தாலும் கடை உண்டு. யாராவது "ரெஸ்ட் எடும்மா" என்றால், "நீ வந்து தோசை ஊத்துறியா?" என்று கேட்பாள். வாடிக்கைக்காரர்களுக்கு அவள் தோசை எவ்வளவு பிடிக்குமோ, அவள் வாயும் அவ்வளவு பிடிக்கும்.

போன ஐப்பசியில் ஒருநாள், இருட்டுகிற நேரம். தோசையைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தவளுக்கு எதிரே வந்த பஸ்ஸின் விளக்கைச் சுற்றி வண்ண வண்ணமாக ஒரு வளையம் தெரிந்தது. மலைமேல் பார்த்தாள். கோயில் விளக்குகளைச் சுற்றியும் அப்படியே. சிவப்பு வெளியே, ஊதா உள்ளே. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மழை ஈரத்தில் அப்படித் தெரிகிறது போல என்று நினைத்துக்கொண்டு அடுத்த தோசையை ஊற்றினாள்.

அடுத்த முறை வளையம் தனியாக வரவில்லை. வலது புருவத்துக்கு மேலே ஆணி அடிப்பது போல வலித்தது. எதிரே இருப்பதெல்லாம் புகைக்குள் இருப்பது மாதிரி மங்கிப் போயிற்று. குமட்டிக்கொண்டு வந்தது. கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்தபோது பாவா கல்லில் கருகிக்கொண்டிருந்த தோசையை எடுத்து ஓரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா கெங்கா?"

"ஒண்ணும் இல்ல பாவா. பித்தம்."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கி எழுந்ததும் வலி போய்விட்டது. கண்ணும் தெளிந்துவிட்டது. ஆனால் மனசு தெளியவில்லை.

காரணம் இருந்தது. அக்காள் ரத்தினம்மாளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. தலைவலி, வாந்தி. அவளும் பித்தம் என்றுதான் சொன்னாள். இஞ்சிச் சாறு குடித்தாள், எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்துக்கொண்டாள். கடைசியில் சென்னைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தபோது மூளையில் கட்டி, அதுவும் முற்றிப்போன கட்டி. ஆஸ்பத்திரியில் ஏற்றிக்கொண்டிருந்த மருந்தையெல்லாம் ஒருநாள் காலையில் நிறுத்திவிட்டார்கள். "இனிமே மருந்து வேணாம்" என்று பெரிய டாக்டர் சொன்னபோது கெங்கம்மாள் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். மருந்து வேண்டாம் என்றால் குணமாகிவிட்டது என்று அந்த நிமிஷத்துக்கு நினைத்துச் சந்தோஷப்பட்டவள் அவள்தான். பாவா முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

அக்காள் போய் நான்கு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகுதான், வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல், பாவா டீ போட வந்தார். இப்போது அதே தலைவலி, அதே வாந்தி. இதை எந்த வாயால் அவரிடம் சொல்வது? கணவனுக்குப் போனில் சொன்னால் வண்டியை எங்கேயாவது ஓரம் கட்டிவிட்டுப் பதறுவான். அனிதாவிடம் சொன்னால் அழுவாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று முடிவு பண்ணிக்கொண்டாள். வலி வரும்போது மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, சீக்கிரமே போய்ப் படுத்துவிடுவாள். டாக்டரிடம் போனால் ஸ்கேன் என்பார்கள். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். தெரியாத வரைக்கும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம் இல்லையா?

மாசி வரைக்கும் இப்படியே ஓடியது. அப்புறம் அவள் கண்ணாடி உடைந்தது. கிருத்திகைக் கூட்டத்தில் தரையில் விரித்து விற்ற கண்ணாடி, எப்போதோ வாங்கியது. உளுந்தில் கல் பார்க்க அது இல்லாமல் முடியாது. உட்காரும்போது முழங்காலுக்கு அடியில் மாட்டி நொறுங்கிப் போயிற்று.

பழைய கடைத்தெருவின் முனையில் யோகலட்சுமி என்ற பெண் கண் பரிசோதனை நிலையம் வைத்திருந்தாள். உள்ளூர் நெசவுக்காரர் வீட்டுப் பெண். சென்னையில் ஆப்டோமெட்ரி என்கிற கண் பரிசோதனைப் படிப்பு படித்து, அங்கேயே சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருந்தாள். முன்னால் கண்ணாடிச் சட்டங்கள், பின்னால் ஒரு இருட்டறை, அதில் மோவாயை வைத்துப் பார்க்கிற இயந்திரம். கெங்கம்மாள் அங்கே போனது ஒரு மத்தியானம்.

"பவர் எழுதிக் குடும்மா, மாவு ஆட்டணும், சீக்கிரம் போவணும்" என்றாள் உட்காரும்போதே.

"கண்ணாடி மட்டும் குடுத்து அனுப்ப மாட்டேங்க அக்கா. முழுசாப் பாத்துட்டுதான்."

"உளுந்து தெரிஞ்சாப் போதும்."

"உளுந்தும் தெரியும். உக்காருங்க."

கெங்கம்மாளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் உட்கார்ந்தாள். எழுத்துப் பலகையைப் படித்தாள். மூக்கில் கனமான சட்டத்தை மாட்டிக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டபோது, தூரத்தில் இருப்பதற்கும் தனக்குக் கண்ணாடி தேவைப்படுகிறது என்று தெரிந்து ஆச்சரியப்பட்டாள். பிறகு யோகலட்சுமி ஒரு சின்ன டார்ச்சைக் காதுப் பக்கத்திலிருந்து கண்ணின் குறுக்கே அடித்துப் பார்த்தாள். ஒருமுறை பார்த்தவள் மறுபடியும் பார்த்தாள். கையைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, உங்களுக்குத் தலைவலி வருதா?"

"யாருக்குத்தான் வரல?"

"சாயங்காலம், இருட்டுற நேரத்துல? புருவத்துக்கு மேல?"

கெங்கம்மாள் டார்ச்சையே பார்த்தாள்.

"விளக்கைச் சுத்திக் கலர் கலரா வளையம் தெரியுதா?"

வாந்தியையாவது பாவா பார்த்திருந்தார். வளையத்தைக் கெங்கம்மாள் இந்த உலகத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. கண்ணுக்குள் அடித்த டார்ச் வெளிச்சத்தில் இந்தப் பெண் அதை எப்படிப் பார்த்தாள்?

"ஆங்" என்றாள் மெதுவாக. "தெரியுது."

யோகலட்சுமி அவளை இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்தாள். மோவாயை வைக்கச் சொல்லி, மெல்லிய கீற்று வெளிச்சத்தால் இரண்டு கண்களையும் பார்த்தாள். கண்ணின் அழுத்தம் பார்த்தாள். மரத்துப்போக ஒரு சொட்டு விட்டு, கண்ணாடி பதித்த சின்னக் குப்பி போன்ற ஒன்றைக் கண்மேல் வைத்து ஓரங்களை நோட்டம் விட்டாள்.

வெளியே பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று நான்கு பேர் இருந்தார்கள். யோகலட்சுமியின் உதவிக்கு இருந்த தீபா ஒவ்வொருவர் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே வந்தாள். பாப்பா, அதாவது கண்ணின் கருமணி, விரிந்தால்தான் உட்பக்கம் தெரியும் என்று சொல்லி விடுகிற மருந்து. அடுத்து தனக்கும் அதுதான் என்று கெங்கம்மாளும் போய் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினாள். தீபா மருந்தோடு அவளிடம் வந்தபோது உள்ளேயிருந்து யோகலட்சுமியின் குரல் சட்டென்று வந்தது.

"தீபா, அக்காவுக்கு வேணாம். அவங்களுக்கு மருந்து விடாதே."

கெங்கம்மாள் நிமிர்த்திய தலையை இறக்கினாள். எல்லோருக்கும் மருந்து, தனக்கு மட்டும் வேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாடு, அக்காளின் கை, பாவாவின் முகம் எல்லாம் ஒன்றாக வந்தன. எழுந்தாள். செருப்பைத் தேடினாள். மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

யோகலட்சுமி வாசலுக்கு ஓடி வந்து கையைப் பிடித்தாள். "எங்க அக்கா போறீங்க?"

"மாவு ஆட்டணும்."

"நான் சொல்றத ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போங்க."

"இன்னா சொல்லப் போற? மருந்து வேணான்னுட்டியே, அப்புறம் இன்னா இருக்குது?" என்று கேட்கும்போதே கெங்கம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. வாய்க்காரி கெங்கம்மாள், நடுத்தெருவில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையோடு அழுகையாக அக்காளின் கதை முழுவதும் வெளியே வந்தது.

யோகலட்சுமி அவளை உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

"அக்கா, நான் மருந்து வேணாம்னது வேற. கண்ணுக்குள்ள எப்பவும் தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். அது வெளிய போறதுக்கு ஓரத்துல வடிகால் இருக்கு. உங்க கண்ணு கொஞ்சம் சின்னது, அதனால வடிகால் வழி ரொம்பக் குறுகல். டார்ச்சைக் குறுக்கே அடிச்சப்ப மறுபக்கம் நிழல் விழுந்துச்சு, அதுலதான் எனக்குத் தெரிஞ்சுது. இருட்டுல பாப்பா விரிஞ்சா அந்த வழி அடைச்சுக்குது. தண்ணி உள்ளயே நின்னு அழுத்தம் ஏறுது. அதான் வலி, அதான் வாந்தி, அதான் வளையம். அந்த மருந்து பாப்பாவ விரிக்கும். உங்களுக்கு விட்டா இங்கயே அடைச்சுக்கும். அதுக்குத்தான் விடாதேன்னேன்."

"அப்போ மூளையில..."

"நீங்க சொல்ற எல்லாத்துக்கும் காரணம் இந்தக் கண்ணுலயே இருக்கு. ஆனா விட்டுவெச்சா ஒருநாள் முழுசா அடைச்சுக்கினு பார்வையே போயிடும். சென்னை கண் ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே போன் பண்றேன். நாளைக்குப் போங்க. லேசர்ல சின்ன ஓட்டை ஒண்ணு போட்டுடுவாங்க, தண்ணி போக வேற வழி கெடைச்சிடும். கத்தி இல்ல, தையல் இல்ல."

அதற்குள் ரோட்டில் கெங்கம்மாள் அழுத சேதி கடைத்தெரு முழுக்கப் போய், பாவா வந்து வாசலில் நின்றார். சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தது. உள்ளே வராமல் அங்கேயே நின்று, "இன்னாவாம்?" என்று கேட்டார். யோகலட்சுமி அவரையும் உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னாள். அவர் தலையை ஆட்டினாரே தவிர நம்பினதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை மின்சார ரயிலில் இரண்டு பேரும் போனார்கள். திருவாலங்காடு போயிற்று, மணவூர் போயிற்று. அக்காளைக் கூட்டிப்போனதும் இதே வழிதான். திருவள்ளூர் தாண்டும்போது ஜன்னலைப் பார்த்தபடியே பாவா சொன்னார்.

"எனக்குத் தெரியும் கெங்கா. வண்டிக்குப் பின்னாடி நீ போறப்பெல்லாம் பாத்துக்கினுதான் இருந்தேன். உங்க அக்காவும் பித்தம்னுதான் சொன்னா. கேட்டுட்டா நெசமாயிடுமோன்னு கேக்கல."

"நானும் அதுக்குத்தான் சொல்லல பாவா."

கண் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் யோகலட்சுமி சொன்னதையே சொன்னார். கண் நரம்பையும் பார்த்தார். "நரம்புக்கு ஒண்ணும் ஆகல. நல்ல நேரத்துல அனுப்பியிருக்காங்க" என்றார். பாப்பாவைச் சுருக்குகிற மருந்து விட்டார்கள். அது எரிந்தது, புருவம் இழுத்தது. பிறகு மோவாயை வைத்து உட்கார்ந்தாள். பச்சை வெளிச்சம், டிக் டிக் என்று சத்தம், கண்ணுக்குள் யாரோ சுண்டிவிட்டது போல ஒரு சுருக்கு. இன்னும் தொடங்கவே இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே "முடிஞ்சதும்மா" என்றார்கள். அடுத்த கண்ணுக்கு ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

வெளியே வந்தால் பாவாவைக் காணோம். தேடிப்போனாள். மாடிப்படியின் கீழே சுவரோரம் குந்தி உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். முதுகு குலுங்கியது. அக்காள் செத்தபோதுகூட அவர் இப்படி அழுது அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"முடிஞ்சிது பாவா. எனக்கு ஒண்ணும் இல்லியாம்."

"கேட்டேன். டாக்டரு எங்கிட்ட வந்து சொன்னாரு." மூக்கைச் சிந்தினார். "பசிக்குது கெங்கா. நேத்தியிலிருந்து ஒண்ணும் எறங்கல."

எதிரே இருந்த ஓட்டலில் பாவா தட்டுத் தட்டாகச் சாப்பிட்டார். "தோசைய எப்படி ஊத்தியிருக்கான் பாரு" என்று கெங்கம்மாள் குறை சொன்னாள். சர்வர் முறைத்தான். திரும்பி வருகிற ரயிலில் அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தவள், அரக்கோணம் வரைக்கும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பல மாதமாக அப்படித் தூங்கியதில்லை.

இரண்டாவது கண்ணும் முடிந்தது. வலியும் வளையமும் அத்தோடு நின்றன. இருட்டறைக்குப் போய் அழுத்தம் பார்த்துக்கொள்ள யோகலட்சுமி அவ்வப்போது கூப்பிடுவாள். கெங்கம்மாள் மாவு ஆட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் போவாள், ஆனால் தவறாமல் போவாள். தணிகைவேல் வந்து எல்லாம் தெரிந்ததும் சத்தம் போட்டான். அவன் கத்தி முடிக்கட்டும் என்று தோசையை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

ரத்த சொந்தத்துக்கும் இது இருக்கலாம் என்று யோகலட்சுமி சொல்லியிருந்ததால், பங்குனியில் அனிதா வந்தாள். "எனக்கு நல்லாத்தானே தெரியுது, எதுக்கும்மா?" என்று படியேறும்போதே ஆரம்பித்தாள்.

"எனக்கும் நல்லாத்தான் தெரிஞ்சுது. உக்காரு."

யோகலட்சுமி காதோரத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தாள், இயந்திரத்தில் பார்த்தாள். வழி தாராளமாக இருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்றாள். கெங்கம்மாள் மகளின் முதுகில் கையை வைத்தாள். தீபா சொட்டு மருந்தோடு வந்து, "விடலாமா அக்கா?" என்று கேட்டாள்.

"விடு, விடு" என்றாள் கெங்கம்மாள். "நல்லா விடு."