செத்த சாமியின் கோயிலில் செருப்பு

துவாக்குடியில் படிக்கும் மகள், தான் கற்பனை செய்த இருட்டு உலகத்தில் விளையாட முதன்முறையாக என்னையும் கூப்பிட்டாள். ஸ்ரீரங்கம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவள் கதை சொல்ல, கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக என்ன செய்கிறோம் என்று சொல்லி, அவளுடைய தோழிகளோடு நானும் பகடை உருட்டினேன். சூரியன் அணைந்த நாடு, வற்றிய ஆறு. காவிரியை மே மாதத்தில் பார்த்தவன் நான், அசரவில்லை. மறுபடி கூப்பிடாமல் விட்டுவிடுவாளோ என்பதுதான் பயம்.

கதையில் இடிந்த கோயில் ஒன்று வந்தது.

"செருப்பை வாசல்ல விட்டுட்டுப் போறேன்" என்றேன். தோழிகள் சிரித்தார்கள்.

"அப்பா, உள்ள சாமியே செத்துப்போச்சு. தரையெல்லாம் எலும்பு, குத்தும்."

"இருக்கட்டும்மா. கோயில் கோயில்தானே?"

என்னையே பார்த்தவள், பகடையை உருட்டாமல் கீழே வைத்தாள்.

"வாசல்ல ஒரு பேய் எந்திரிச்சு, 'போயிட்டு வாங்க, செருப்பை நான் பாத்துக்கறேன்'னு சொல்லுது. அடுத்த சனிக்கிழமையும் வந்துடுங்கப்பா. செருப்பைத் திருப்பி வாங்கணும்ல."