தார் ஷீட்டின் அடியில் பனியன் துணி

வீட்டு மாடியில் அப்பா பனியன் தைக்கும் யூனிட் வைத்திருந்தார். அதன் கூரைமேல் ஒட்டியிருந்த தார் ஷீட் கோடையில் இளகும், பனியில் இறுகும், ஆண்டுதோறும் வெடிக்கும். ஐப்பசி மழைக்கு முன் அவ்விரிசல்களை அடைப்பது அவருக்கும் எனக்கும் விதிக்கப்பட்ட வேலை. கல்லூரி மேடைகளில் எந்தத் தலைப்பையும் வெட்டியும் ஒட்டியும் பேசிக் கைதட்டல் வாங்கியவன் நான். அந்தக் கூரையில் மட்டும் முதுகு வலிக்கக் குனிந்தே கிடந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆண்டு, நாங்கள் கூரையேறிய நாளில் மேகம் முந்திக்கொண்டது. கீழே அறை நிறைய வெள்ளைப் பனியன்கள். மறுநாள் ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து செக்கிங்குக்கு ஆள் வருகிறார். கறை ஒன்று கண்டாலும் தைத்த லாட் முழுவதும் திரும்பிவிடும்; அடுத்த ஆர்டரை அப்பா மறந்துவிட வேண்டியதுதான்.

அவசரமாகத் தாரைக் காய்ச்சினோம். துடைக்கவோ கட்டவோ அடைக்கவோ, எங்கள் ஊரில் கை முதலில் நீள்வது கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குத்தான். பனியன் துண்டுகளை விரிசலுக்குள் திணித்து, மேலே தார் ஊற்றி, புது ஷீட்டை ஒட்டினோம். ஓரங்களில் துணி வால்போல நீட்டிக்கொண்டிருந்தது. அதை நறுக்க இருவருக்கும் தெம்பில்லை.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிய அக்கா படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

“மேடையில எல்லாத்தையும் மடக்கிருவீகளாம்ல தம்பி! இந்த மழையையும் பேசித் திருப்பி அனுப்புங்களேன்.”

“அவன் பேச்சக் கேட்டா மேகம் அங்கயே தூங்கிப்போயிருமுங்க அம்மணி,” என்றார் அப்பா.

மேகம் தூங்கவில்லை. பிற்பகலில் கொட்டியது. நாங்கள் தொடாத மூலை காய்ந்திருக்க, அடைத்த இடங்களில்தான் பழுப்பாக நீர் சொட்டத் தொடங்கியது. மூவரும் பனியன் அடுக்குகளை அந்த மூலைக்கு இழுத்தோம். பிறகு அப்பாவும் நானும் மழையிலேயே மேலே ஏறினோம். நீட்டிக்கொண்டிருந்த ஒரு துணியை உருவிப் பிழிந்தேன். குடம் கவிழ்ந்ததுபோல ஊற்றியது. அந்த வால்கள்தாம் மழையை உறிஞ்சி ஷீட்டின் அடிக்கு அனுப்பியிருந்தன.

அப்பா ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வேர்வைய அப்படியே குடிச்சுருமுங்கன்னு சொல்லிச் சொல்லித்தானே கண்ணு இத்தன வருசமா வித்தேன். மழைன்னா மட்டும் வேண்டாம்னு சொல்லுமா?”

எல்லாத் துணியையும் பிடுங்கி எறிந்தோம். ஈரத்தில் தார் ஒட்டாது. ஆகவே துணி ரோல்கள் சுற்றிவரும் பாலித்தீன் உறைகளைப் பரப்பி, செங்கல் வைத்துவிட்டு இறங்கினோம்.

மறுநாள் வந்தவர் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். மண்ணெண்ணெயில் கழுவியும் எங்கள் கைகளிலிருந்து தார் போகவில்லை. ஆதலால் அக்காவே ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்.

“ஏனுங்க ஓனர், கிட்டயே வர மாட்டீங்களா?” என்றார் வந்தவர்.

“அந்தம்மா காட்டுவாங்க, பாருங்க,” என்று கைகளைப் பின்னால் கட்டியபடி அப்பா சுவரோரம் நின்றார்.

லாட் தேறியது. பனியன்களை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியதும் அப்பா தையல் ஸ்டூலில் அமர்ந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்; நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே தூறல் விழ, மேலே செங்கல் நகர்ந்த ஏதோ ஓரிடத்தில் மீண்டும் சொட்டியது. கீழே இப்போது வெறும் தரை. பார்த்துக்கொண்டே இருந்தோம், இருவரும் எழவில்லை.